ரேடார் சொல்லும் காற்று, செயற்கைக்கோள் சொல்லும் காற்று: ஒப்பிடத் தொடங்குபவர்களுக்கு

1963 நவம்பர் 21 அன்று மாலை திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட், உயரே போய் சோடியம் ஆவியைக் கக்கியது. தரையில் பொழுது சாய்ந்துவிட்டது. மேலே மட்டும் இன்னும் வெயில். அந்த வெயில் பட்டு சோடியம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. இப்படி விடப்படும் ஆவிக் கோடு நேராக நிற்பதில்லை. அந்தந்த உயரத்துக் காற்று அதை இழுத்து வளைத்துவிடும். வளைவதைப் படம் பிடித்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டால் காற்றின் வேகம் கிடைக்கும். இந்திய மண்ணிலிருந்து போன முதல் ராக்கெட்டின் வேலையே மேல்காற்றை அளப்பதுதான்.

ராக்கெட்டைத் தினமும் விட முடியாது. அதனால் இன்று 80 முதல் 110 கிலோமீட்டர் உயரக் காற்றைத் தெரிந்துகொள்ள நமக்குப் பெரும்பாலும் இரண்டே வழி: தரையில் ரேடார், மேலே செயற்கைக்கோள். பலூன் அந்த உயரத்துக்கு ஏறாது; செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகப் பறக்க முடியாது, மேலே தூரத்திலிருந்து பார்க்கத்தான் முடியும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இந்தப் பகுதியில்தான் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்று சர்வசாதாரணம்.

முதுகலை ஆய்வுக்காகவோ ஆர்வத்தாலோ உங்கள் கையில் இரண்டு கோப்புகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ரேடார் தரவு, இன்னொன்று செயற்கைக்கோள் தரவு. "இரண்டும் ஒத்துப்போகிறதா பார்" என்று சொல்லிவிட்டார்கள். உடனே வரைபடம் போட்டுவிடாதீர்கள். இரண்டு கருவிகளும் ஒரே காற்றைப் பார்க்கும்படி செய்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. கணக்குப் போடுவது மீதிக் கால்வாசி.

கருவி உண்மையில் எதை அளக்கிறது?

எந்தக் கருவியும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. காற்று இழுத்துப்போகும் ஏதோ ஒன்றை அளக்கிறது. அது எது என்று தெரியாமல் ஒப்பிட்டால் வித்தியாசம் வரும்போது காரணம் பிடிபடாது.

எரிகல் ரேடாரை எடுத்துக்கொள்வோம். தும்பாவில் இருப்பது 35.25 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. மணல்பருக்கை அளவுத் துகள் வளிமண்டலத்தில் எரியும்போது அயனிகளாலான ஒரு தடத்தை விட்டுச்செல்லும். தடம் காற்றோடு மிதக்கும். ரேடார் அலை அதில் பட்டுத் திரும்பும். இங்கே அலைநீளம் சுமார் 8.5 மீட்டர். தடம் நம்மை நோக்கி வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வந்தால் டாப்ளர் மாற்றம், அதாவது தடத்தின் வேகத்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவது, வெறும் 7 ஹெர்ட்ஸ். தடமோ வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கலைந்துவிடுகிறது. அதற்குள் சமிக்ஞையின் கட்டம் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றாது, முக்கால் சுற்றுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த அரைகுறைச் சுற்றிலிருந்துதான் வேகத்தை எடுக்கிறார்கள். முதன்முதலில் இதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

ஒரு தடம் ஒரு திசையின் வேகத்தை மட்டும்தான் தரும். அதனால் ஒரு மணி நேரத்தில், வானத்தின் பல பக்கங்களிலும் கிடைத்த தடங்களைச் சேர்த்து, "இந்தப் பரப்பு முழுவதும் ஒரே கிடைமட்டக் காற்றுதான் வீசுகிறது, மேல்கீழ்க் காற்று பூச்சியம்" என்று எடுத்துக்கொண்டு ஒரு விடை காண்கிறார்கள். ஆகவே ரேடார் கோப்பில் உள்ள ஒரு எண், சில நூறு கிலோமீட்டர் அகல வட்டத்தின் ஒரு மணி நேரச் சராசரி. ரேடாரின் தலைக்கு நேர்மேலே வீசிய காற்று என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது வகை, நடு அதிர்வெண் ரேடார். திருநெல்வேலி அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ரேடார் 1992 முதல் 1.98 மெகாஹெர்ட்ஸில் இந்த உயரக் காற்றை அளந்துவந்திருக்கிறது. மேலே எலக்ட்ரான் அடர்த்தி சீரற்று இருப்பதால் அலையின் ஒரு சிறு பகுதி திரும்பி வருகிறது. தரையில் அது வெளிச்சமும் நிழலும் போல ஒரு கோலம் போடுகிறது. தள்ளித்தள்ளி வைத்த ஆன்டெனாக்களை அந்தக் கோலம் எந்த வரிசையில் கடக்கிறது என்று பார்த்து வேகத்தை எடுப்பார்கள். கோலம் காற்றைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் நகரும், அதைப் பாதியாக்க வேண்டும்.

திருநெல்வேலி காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே பகலில் வானத்தில் பாயும் எலக்ட்ரோஜெட் என்ற மின்னோட்டம் சுமார் 95 கிலோமீட்டருக்கு மேலே எலக்ட்ரான்களைத் தன்போக்கில் இழுக்கிறது. அந்த உயரத்தில் பகலில் ரேடார் காட்டுவது காற்றின் வேகமாக இல்லாமல் எலக்ட்ரானின் வேகமாக இருக்கலாம். இடம் சார்ந்த இப்படிப்பட்ட விஷயங்கள் எந்தக் கோப்பின் தலைப்பிலும் இருக்காது. ரேடாரை இயக்குபவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

அப்புறம் செயற்கைக்கோள். 1991-இல் யூஏஆர்எஸ் செயற்கைக்கோளில் போன ஹர்டி, விண்டி என்ற இரு கருவிகள், 2001-இல் டைம்ட் செயற்கைக்கோளில் போன டிடி, 2019 அக்டோபரில் ஐகானில் போன மைட்டி எல்லாமே ஒளியைத்தான் பார்த்தன. மேல்வளிமண்டலத்தில் ஆக்சிஜன் தானாகவே மெலிதாக ஒளிர்கிறது; 557.7 நானோமீட்டர் பச்சை ஒளி அதில் பிரசித்தம். ஒளிரும் காற்று நம்மை நோக்கி வந்தால் நிறம் துளி நீலப்பக்கம் சாயும், விலகிப் போனால் சிவப்புப்பக்கம். துளி என்றால் எவ்வளவு? வினாடிக்கு 10 மீட்டர் காற்றுக்கு அலைநீளம் மூன்று கோடியில் ஒரு பங்கு மாறும். இதற்கு நடுவே செயற்கைக்கோளே வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் வேகத்தையும் பூமியின் சுழற்சியையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் காற்று. 45 பாகை பக்கவாட்டில் பார்க்கும் தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் 0.05 பாகை தப்பினாலே காற்றில் வினாடிக்கு நாலரை மீட்டர் பிழை ஏறிவிடும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதன்பிறகு செயற்கைக்கோள் தரவின் பிழை எல்லையை அலட்சியப்படுத்த மனசு வராது.

முதல் படி: இடம்

புதியவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். கோப்பில் செயற்கைக்கோளின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அதை எடுத்து ரேடாரோடு பொருத்திவிடுவார்கள். ஆனால் கருவி தனக்குக் கீழே பார்ப்பதில்லை, அடிவானத்தைப் பார்க்கிறது. பார்வைக்கோடு வளிமண்டலத்தை உரசிச் செல்லும் இடத்துக்குத் தொடுபுள்ளி என்று பெயர். காற்று அளக்கப்படுவது அங்கேதான். 600 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு 95 கிலோமீட்டர் உயரத்தை உரசிப் பார்த்தால், செங்கோண முக்கோணக் கணக்குப்படி தொடுபுள்ளி சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். செயற்கைக்கோள் திருவனந்தபுரத்துக்கு நேர்மேலே நிற்கும்போது அது அளப்பது திருவனந்தபுரத்துக் காற்றை அல்ல. தொடுபுள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்பில் தனியாக இருக்கும், அதுவும் ஒவ்வொரு உயரத்துக்கும் வேறுவேறாக. அதைத்தான் எடுக்க வேண்டும்.

தொடுபுள்ளி என்பதும் பெயருக்குத்தான் புள்ளி. 2 கிலோமீட்டர் தடிமன் கொண்ட அடுக்கைப் பார்வைக்கோடு உரசிக் கடக்க 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ரேடாருடையது வட்டச் சராசரி என்றால் செயற்கைக்கோளுடையது நீளவாட்டுச் சராசரி. மைட்டி போன்ற கருவிகளில் முன்பக்கமாகப் பார்க்கும் தொலைநோக்கி ஒரு இடத்தைப் பார்த்து ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் பின்பக்கத் தொலைநோக்கி அதே இடத்தைப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் திசையோடு கூடிய காற்று கிடைக்கும்.

ரேடாரிலிருந்து தொடுபுள்ளி எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஜோடியாக ஏற்கலாம்? 300 கிலோமீட்டரில் தொடங்குங்கள். பிறகு 200, 500 என்று மாற்றி, விடை எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். இறுக்கினால் ஜோடிகள் குறையும், தளர்த்தினால் வேறு ஊர்க் காற்று கலக்கும்.

இரண்டாம் படி: நேரம்

செயற்கைக்கோள் தரவு உலகப் பொது நேரத்தில் இருக்கும். ரேடார் தரவு இந்திய நேரத்தில் இருக்கலாம், உலக நேரத்தில் இருக்கலாம், சில சமயம் உள்ளூர் சூரிய நேரத்திலும் இருக்கலாம். 77 பாகை கிழக்கில் சூரிய நேரம் உலக நேரத்தைவிட 5 மணி 8 நிமிடம் முன்னால். இந்திய நேரமோ ஐந்தரை மணி முன்னால்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த உயரத்துக் காற்றை ஆட்டிவைப்பது வளிமண்டல ஓதங்கள், அதாவது காற்றில் எழும் பெரிய அலைகள். கடல் ஓதம் நிலவால் எழுகிறது. இவை பெரும்பாலும் வெயிலின் சூட்டால் எழுபவை. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுவது ஒன்று, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுவது இன்னொன்று. ஐந்தரை மணி நேரம் தப்பினால் 12 மணி ஓதத்தில் 165 பாகை பிசகும் (ஒரு முழுச் சுற்று 360 பாகை), அதாவது கிட்டத்தட்ட தலைகீழ். கிழக்கே போகும் காற்று மேற்கே போவதாகத் தெரியும். ஒருமுறை இதே தப்பைச் செய்துவிட்டு, ஒட்டுறவு (இரண்டு தரவும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) எதிர்மறையாக வந்ததற்கு இயற்பியல் காரணம் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். எதிர்மறை ஒட்டுறவு வந்தால் முதலில் கடிகாரத்தைச் சோதியுங்கள்.

இன்னொன்று: ரேடார் கோப்பில் "10:00" என்று இருந்தால் அது 10 முதல் 11 வரையான சராசரியா, ஒன்பதரை முதல் பத்தரை வரையா? அரை மணி நேரம் தப்பினால் 12 மணி ஓதத்தில் 15 பாகை. கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: திசை

நம் மொழியில் காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்து. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வானிலை அறிக்கையும் அப்படியே: தென்மேற்குப் பருவக்காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. மேல்வளிமண்டலத் தரவில் இது மாறிவிடும். கிழக்கு-மேற்குக் காற்று +30 என்றால் கிழக்கு நோக்கிப் போகும் காற்று, நம் கணக்கில் கோடைக்காற்று. வடக்கு-தெற்குக் காற்று +20 என்றால் வடக்கு நோக்கிப் போவது, அதாவது தென்றல். பழைய கோப்புகளில் இந்தக் குறி மாறியிருந்தாலும் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரே நாளுக்கு இரண்டையும் வரைந்து கண்ணால் பாருங்கள். குறி தப்பியிருந்தால் கண்ணாடிப் பிம்பம்போலத் தெரியும்.

நான்காம் படி: உயரம்

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் அட்சரேகைப் பகுதியில் 24 மணி ஓதத்தின் செங்குத்து அலைநீளம் சுமார் 25 கிலோமீட்டர். உயரத்தில் 2 கிலோமீட்டர் தப்பினால் 29 பாகை பிசகு. ஓதத்தின் வீச்சு வினாடிக்கு 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 2 கிலோமீட்டர் மட்டுமே 20 மீட்டர் வரை வித்தியாசம் காட்டும். கருவி இரண்டும் சரியாக இருந்தாலும் இவ்வளவு வரும்!

2 கிலோமீட்டர் எங்கே தப்பப்போகிறது என்று தோன்றலாம். எரிகல் ரேடார் தடத்தின் திசையைக் கோணத்தால் கண்டுபிடிக்கிறது. தலைக்கு மேலிருந்து 60 பாகை சாய்வில், 180 கிலோமீட்டர் தொலைவில் தெரியும் தடத்துக்குக் கோணத்தில் ஒரே ஒரு பாகை தப்பினால் உயரத்தில் 2.7 கிலோமீட்டர் தப்பும். அடிவானத்தை ஒட்டி வரும் தடங்களை ஒதுக்குவது இதனால்தான்.

எந்த உயரங்களை எடுப்பது? எரிகல் தடங்கள் 90 கிலோமீட்டரைச் சுற்றித்தான் அதிகம். 100-ஐத் தாண்டினால் எண்ணிக்கை சரிந்துவிடும். மைட்டியின் பச்சை ஒளிக்கோ கீழ்ப்பக்கம் 90 கிலோமீட்டரை ஒட்டி வரம்பு. இரண்டும் தெம்பாக இருக்கும் பகுதி நடுவில் ஒரு பட்டை மட்டும்தான். பட்டைக்குள் உயர இடைவெளிகளை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். நுணுக்கமாக உள்ளதை முரடாக உள்ளதன் அளவுக்குச் சராசரி எடுக்க வேண்டும். முரடானதை இடைச்செருகி நுணுக்கமாக்கக் கூடாது.

ஐந்தாம் படி: குப்பையை அகற்றுதல்

மைட்டி தரவில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் தரக்குறி உண்டு: 1 நல்லது, 0.5 கவனமாகப் பயன்படுத்தவும், 0 வேண்டாம். 1 மட்டும் எடுங்கள். ரேடாரில் ஒரு மணி நேரப் பெட்டியில் எத்தனை தடங்கள் விழுந்தன என்று பாருங்கள். அதிகாலையில் தடங்கள் நிறைய, அந்திப்பொழுதில் குறைவு. விடியற்காலையில் நாம் பூமி ஓடும் திசையின் முன்பக்கம் நிற்கிறோம். மழையில் ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடியில்தானே துளிகள் அதிகம் அறையும். ஆக, மாலை நேர ரேடார் காற்றின் பிழை காலை நேரத்ததைவிடப் பெரிது. தரவின் பதிப்பு எண்ணையும் குறித்துவையுங்கள். பூச்சியக் காற்று எது, அதாவது காற்றே வீசாதபோது கருவி காட்டும் அளவு எது, என்று நிர்ணயிப்பது ஒளிக்கருவிகளுக்குத் தீராத தலைவலி. அந்தத் திருத்தம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

ஆறாம் படி: எண்கள்

இப்போது ஜோடிகள் தயார். சிதறல் வரைபடம் போடுங்கள், ஒரு அச்சில் ரேடார், மறு அச்சில் செயற்கைக்கோள். ஒட்டுறவுக் கெழு, சராசரி வித்தியாசம், வித்தியாசங்களின் பரவல், புள்ளிகளுக்குப் பொருத்தும் கோட்டின் சாய்வு என நான்கு எண்கள் போதும். ஒட்டுறவு மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒரு கருவி எல்லாக் காற்றையும் பாதியாகக் காட்டினாலும் ஒட்டுறவு ஒன்றை நெருங்கி நிற்கும்.

சாய்வில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண நேர்கோட்டுப் பொருத்தம், கிடையச்சில் உள்ள கருவிக்குப் பிழையே இல்லை என்று நம்பிக்கொள்கிறது. உண்மைக் காற்றின் பரவல் வினாடிக்கு 30 மீட்டர், கிடையச்சுக் கருவியின் பிழை 10 மீட்டர் என்று வையுங்கள். பரவலின் வர்க்கம் 900; பிழையின் வர்க்கமான 100-ஐயும் சேர்த்தால் 1,000. 900-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.9. கருவிகள் இரண்டும் பழுதில்லாமல் இருந்தும் சாய்வு 0.9 என்றுதான் வரும், "மற்றது பத்து சதவீதம் குறைத்துக் காட்டுகிறது" என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். அச்சுகளை மாற்றிப்போட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். இரண்டு விதத்திலும் மற்றதுதான் குறைவு என்று வந்தால் பொறியில் சிக்கியிருக்கிறீர்கள். இரு அச்சுகளின் பிழையையும் கணக்கில் கொள்ளும் பொருத்தமுறையை எடுங்கள். பைத்தானில் அதற்குத் தயாராகவே நிரல்கள் இருக்கின்றன.

வித்தியாசம் வந்தால்?

வரத்தான் செய்யும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். எங்கே, எப்போது வருகிறது என்று பிரியுங்கள். உயரவாரியாக, பகல் இரவாக, கிழக்கு-மேற்கு தனி, வடக்கு-தெற்கு தனி. யூஏஆர்எஸ் காலத்திலேயே நடு அதிர்வெண் ரேடார்களைவிடச் செயற்கைக்கோள் காற்று வலுவாக இருந்தது. அந்த ரேடார்கள் 90 கிலோமீட்டருக்கு மேலே எரிகல் ரேடார்களைவிடவும் குறைத்தே காட்டுகின்றன. மூன்றாவது ஒரு கருவியை வைத்துப் பார்த்தால்தான் இப்படிப் பழி எங்கே சேரும் என்று தெரியும்.

எதிர்பார்ப்புக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், மைட்டியின் பச்சை ஒளிக் காற்றை நான்கு எரிகல் ரேடார்களோடு ஒப்பிட்ட ஆய்வைப் பாருங்கள். 2019 டிசம்பர் முதல் 2020 மே வரை, 94 முதல் 104 கிலோமீட்டர் உயரத்தில், 1,158 ஜோடிகள். ஒட்டுறவு 0.82, சராசரி வித்தியாசம் வினாடிக்கு 4.5 மீட்டர். அருமையான ஒற்றுமை. ஆனாலும் தெரிந்த பிழைகளையெல்லாம் கூட்டினால் வித்தியாசங்களின் பரவலில் கால்பங்குக்குத்தான் கணக்குக் காட்ட முடிந்தது. அரை மணி நேரத்துக்குள் மாறிவிடும் காற்றை இரண்டு கருவிகளும் வேறுவேறு விதமாகச் சராசரி எடுப்பது மீதியில் ஒரு பங்குக்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

அந்த ஆய்வில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்று உண்டு. பகலில் இரண்டும் ஒரே அளவு. இரவில் மட்டும் மைட்டி 16 முதல் 25 சதவீதம் வேகமான காற்றைக் காட்டியது. ஏன் என்று முடிவுசெய்யாமலே கட்டுரையை முடித்தார்கள். 2022 நவம்பரில் ஐகானோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் தரவு யாரும் இறக்கிக்கொள்ளும்படி அப்படியே இருக்கிறது. ஆகவே உங்கள் ஜோடிகளைப் பகல் இரவாகப் பிரித்ததும் இரவுப் புள்ளிகளுக்குத் தனியாக ஒரு வரைபடம் போடுங்கள். புள்ளிகள் போதவில்லை என்றால் தூர வரம்பைத் தளர்த்த வேண்டாம், இன்னும் சில மாதத் தரவை இறக்குங்கள். வரைபடத்தின் அடியிலேயே தரவுப் பதிப்பு, தேதிகள், தூரம், நேர வரம்பு, தரக்குறி, ஜோடிகளின் எண்ணிக்கை ஆறையும் எழுதிவையுங்கள்.